வியாழக்கிழமை வாரேன்

தண்ணியாவது குடிங்க மேடம். பானைத் தண்ணிதான், ஒண்ணும் செய்யாது. வேண்டாமா? விசாரிக்கப் போற இடத்துல தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல ரூல்ஸா? பைக்குள்ளயே பாட்டில் இருக்கா. சரி, சரி. நல்ல ரூல்ஸ்தான். நான் இருபத்தொன்பது வருஷம் சமூக நலத்துல குப்பை கொட்டினவன், இப்படி ஒரு ரூல்ஸ் கேள்விப்பட்டதில்ல. செம்பு இங்கயே இருக்கட்டும். மனசு மாறினா எடுத்துக்கோங்க.

வீடு கிடக்கிற கிடையைப் பார்க்காதீங்க. முந்தின நாள் ஒரு ஃபோன் போட்டிருந்தீங்கன்னா அந்த நாற்காலியில கிடக்கிற துணியையாவது மடிச்சு வச்சிருப்பேன். ஆவுடையும் இருந்திருப்பா. ஆவுடை எங்க வீட்டம்மா. வியாழக்கிழமை ஆனா மத்தியானமே கோவில் மண்டபத்துக்குப் போயிடுவா, தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை கோக்கணும், நடை திறந்ததும் சாத்தணும். அஞ்சரைக்குத்தான் வருவா. அதுக்குள்ள நம்ம பேச்சை முடிச்சுக்கிடுவோம். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்லாம வந்து நிக்கிறதுதான் உங்க வழக்கம் போல. நான் எந்த முதியோர் இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட்டுத்தான் போவேன். ஒரு இடத்துக்குப் போறோம்னா சொல்லிட்டுப் போறதுதானே மரியாதை?

உங்க ஆபீஸைப் பத்திப் பேப்பர்ல பார்த்தேன். முதியோர் இல்லங்களை ஆய்வு பண்ணினவங்க ஒழுங்காப் பண்ணினாங்களான்னு பார்க்கிறதுக்கு ஒரு ஆபீஸ். எங்க டிபார்ட்மெண்டுக்கும் கீழ வராது, கலெக்டருக்கும் கீழ வராது. யாரும் ஃபோன் போட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. வாசிச்சதும் ஆவுடைகிட்டச் சொன்னேன், நல்ல காரியம், பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்னு. மனசாரத்தான் சொன்னேன். என் வீட்டு வாசல்ல வந்து நிக்கும்னு நினைக்கல, அவ்வளவுதான்.

அந்தத் தாளை இன்னொரு தரம் வாசிங்க. கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். 'மாலைத்தென்றல் முதியோர் இல்லத்தில் குறைபாடுகள் இருந்தமை ஆய்வு அலுவலரான தங்கள் கவனத்துக்கு வந்ததுண்டா? உண்டு, இல்லை.' ஒண்ணை டிக் பண்ணிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானா? எங்க பழைய மேலதிகாரி நேத்தே ஃபோன் பண்ணிட்டாரு. 'கோமதிநாயகம், யாராவது ஒரு நாள் வருவாங்க. இல்லைன்னு போட்டுட்டு அனுப்பிடும். பேச்சே வச்சுக்கிடாதீரும்'னாரு.

இல்லைன்னு போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த இல்லத்துக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்றீங்க. அதை நடத்துறவன் என் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிருக்கான், அரசாங்க ஆபீசரே 'குறை ஏதுமில்லை'ன்னு எழுதியிருக்காருன்னு. அந்த ரிப்போர்ட் நிக்கிற வரைக்கும் அந்தக் கேட்டை உங்களால பூட்ட முடியாது. உண்டுன்னு போட்டா, பொய் ரிப்போர்ட் குடுத்தவன்னு முதல் கேஸ் என் மேலதான். சரியாச் சொல்றேனா? தலையாட்டுறீங்க.

சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் கை நீட்டினவன் இல்ல. இதை எழுதிக்கோங்க. எந்த இல்லத்துல இருந்தும் ஒரு வாழைப்பழம்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. மத்தியானம் போனா இலை போடுவாங்க, சாப்பிடுவேன். ஃபாரத்துல 'உணவின் தரம்'னு ஒரு கட்டம் இருக்கு, சாப்பிடாம எப்படி எழுத முடியும்? நான் போற அன்னைக்கு எல்லா இடத்துலயும் சாப்பாடு பிரமாதமா இருக்கும். சாம்பார்ல முருங்கைக்காய் கிடக்கும், பாயசம் இருக்கும். 'நன்று'ன்னு எழுதுவேன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், நீங்களே ஃபைல்ல பார்த்திருப்பீங்க. அறுபத்திமூணு கட்டம் மேடம் அந்த ஃபாரத்துல. ஒண்ணைக்கூட நான் காலியா விட்டதில்ல. மாவட்டத்துல நாற்பத்திரண்டு இல்லம், ஒரு ஜீப், நான் ஒருத்தன். இதையும் எழுதிக்கோங்க.

விஷயத்துக்கு வாரேன். மூணு வருஷத்துக்கு முந்தி, மாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. பைபாஸைத் தாண்டி கல்குவாரிக்குப் போற ரோட்டுல இருக்கு அந்த இல்லம். பதினொரு மணிக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன். வழியில ஜீப் படுத்துக்கிச்சு. டிரைவர் முத்தையா நடந்தே போய் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து, அதைத் தட்டிக் கொட்டிக் கிளப்பி, நாங்க போய்ச் சேர்றப்ப சாயங்காலம் நாலரை. சொன்ன நேரத்துக்கு நான் போகாத ஒரே நாள் அதுதான்.

ஜோதிராஜ்னு பேரு, அந்த இல்லத்தை நடத்துறவனுக்கு. தேனா பேசுவான். 'அண்ணாச்சி, இன்னைக்கு இனி வரமாட்டீங்கன்னுல்ல நினைச்சேன், சாப்பாடெல்லாம் ஆறிப்போச்சே'ன்னு வாசலுக்கே ஓடி வந்தான். முகம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்துச்சு. பசியில எனக்கு அது பெரிசாத் தெரியல. முதல் கட்டம் குடிதண்ணி. சுத்திகரிக்கிற மெஷின் சுவத்துல மாட்டியிருந்துச்சு, புதுசு. அதைச் சுத்தி ஒரு கம்பிக்கூடு, கூட்டுக்கு ஒரு பூட்டு. ஜோதிராஜ் அரைஞாண் கயித்துல இருந்து சாவியை எடுத்துத் திறந்தான். தண்ணி மெஷினுக்கு எதுக்குப்பா பூட்டுன்னு கேட்டேன். கேட்டேன் மேடம், கேட்காம இல்ல. 'பார்க்க வர்றவங்க கூட்டிட்டு வர்ற பிள்ளைங்க திருகி உடைச்சிருது அண்ணாச்சி'ன்னான். பிள்ளைங்க உடைக்கத்தானே செய்யும்? குழாயைத் திருகினேன். தண்ணி வந்துச்சு. 'குடிநீர் வசதி: உண்டு'ன்னு எழுதினேன். மெஷின் இருந்துச்சு, தண்ணி வந்துச்சு, அப்புறம் இல்லைன்னா எழுத முடியும்?

அடுத்தது பொம்பளைங்க வார்டு. பன்னிரண்டு கட்டில். ஃபாரத்துல இருக்கிற மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேட்டேன், சாப்பாடு நல்லா இருக்கா, குறை ஏதும் உண்டான்னு. 'ஒரு குறையும் இல்லய்யா, மகராசனா இருங்க'ன்னாங்க. எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. ஜோதிராஜ் என் தோளை உரசுற மாதிரி கூடவே வந்தான். அவன் நடத்துற இல்லத்துல அவனை வெளிய நிறுத்திட்டா பேச முடியும்? நீங்க இன்னைக்கு என்கிட்டத் தனியா வந்து பேசுறீங்க. அது உங்க முறை. எங்க முறை வேற.

ஏழாவது கட்டில்ல தங்கபுஷ்பம். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுல டிரங்க் கால் போட்டுக் குடுத்து ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. உடம்பு வத்திப்போயிருந்தாலும் குரல் மட்டும் அப்படியே இருந்துச்சு, கணீர்னு. ஜோதிராஜ் எனக்குக் குடுத்த எலுமிச்சம்பழ சர்பத் என் கையிலயே இருந்துச்சு. தொண்டை கட்டியிருந்ததால நான் குடிக்கல. அந்தம்மா என் முகத்தைப் பார்க்கல, அந்த டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. 'சார், நீங்க குடிக்கலைன்னா அதை நான் குடிக்கட்டுமா?'

குடுத்தேன். ஒரே மடக்கு. அப்புறம் என் தோள்ல தொங்கின பாட்டிலைப் பார்த்தாங்க. அதையும் குடுத்தேன். வாயை எடுக்காம குடிச்சாங்க. கழுத்துல வழிஞ்சதை விரலால வழிச்சு நாக்குல வச்சுக்கிட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க கையை நீட்டினாங்க. பாட்டில்ல ஒண்ணுமில்ல.

'சுகர் கேஸ் அண்ணாச்சி, எவ்வளவு குடுத்தாலும் குடிச்சுக்கிட்டே இருப்பாங்க'ன்னு ஜோதிராஜ் சிரிச்சான். சுகர்காரங்களுக்குத் தாகம் எடுக்கும், டாக்டருங்களே சொல்றதுதானே? நான் அதை அப்படியே விட்டுடல. 'தங்கபுஷ்பம் என்ற மூதாட்டிக்கு சர்க்கரை அளவைப் பரிசோதிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது'ன்னு தனியா ஒரு வரி எழுதினேன். வேற எந்த ஆபீசர் அவ்வளவு அக்கறையா எழுதுவாரு? ஃபைல்ல பாருங்க, மூணாம் பக்கம், கீழ. பார்த்துட்டீங்களா.

ஃபேனைக் கூட்டி வைக்கவா? சரி, இருக்கட்டும்.

கிளம்புறப்ப அந்தம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க. 'சார், உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை பேசணும்'னாங்க. ஜோதிராஜ் மூணடி தள்ளி நிக்கிறான். முத்தையா ஜீப்பை உறுமவிட்டுக்கிட்டே இருக்கான், அணைச்சா மறுபடி கிளம்பாது. மணி அஞ்சே முக்கால். நான் கும்பிட்டு, 'போயிட்டு வாரேம்மா'ன்னேன்.

இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. நாம போறேன்னா சொல்வோம்? துட்டி கேட்கப் போற சாவு வீட்டுலதான் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வருவோம். மத்த எல்லா இடத்துலயும் போயிட்டு வாரேன்தான். பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தவன்கிட்டக்கூட இறங்கறப்ப 'வாரேன்'னு சொல்றோம். அவன் எந்த ஊர், பேரு என்ன, ஒண்ணும் தெரியாது. எங்க போய் வர்றது?

அந்தம்மா கேட்டாங்க. 'என்னைக்கு?'

என் ஆயுசுல யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல மேடம். போயிட்டு வாரேன்னா, வாங்கன்னு சொல்லணும். என்னைக்குன்னு யாராவது கேட்பாங்களா? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஜோதிராஜும் சிரிச்சான். அந்தம்மா சிரிக்கல. பதில் சொல்லாம நகர முடியாது போலிருந்துச்சு, வாயில வந்ததைச் சொன்னேன். 'வியாழக்கிழமை வாரேம்மா.' 'சரி சார், நான் லைன்லயே இருக்கேன்'னாங்க. எக்ஸ்சேஞ்சுப் பழக்கம். ஜீப்புல ஏறினதும் முத்தையாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். மறுநாள் ஆபீஸ்லயும் அந்தம்மா குரல்லயே சொல்லிக் காட்டினேன். எல்லாரும் ரசிச்சாங்க.

எந்த வியாழக்கிழமைன்னு நான் சொல்லல. அவங்களும் கேட்கல.

நான் போகல. வேலை மேடம். மாசி, பங்குனி எங்களுக்கு வருஷக் கடைசி, தையல் மெஷின் குடுக்கிற விழாவுக்குப் பந்தல் போடுறதுல இருந்து எல்லாம் என் தலையில. அந்தப் பக்கமே நான் போகல. வைகாசியில ஆபீஸுக்கு ஒரு தபால் வந்துச்சு. மாலைத்தென்றல்ல ஒரே மாசத்துல நாலு பேர் இறப்பு, காரணம் வயோதிகம். ரெண்டாவது பேரு தங்கபுஷ்பம். ஓரத்துல சுருக்கொப்பம் போட்டு ஃபைல்ல சேர்த்தேன். வயசானவங்க போறது சகஜம்தானே? வெயிலும் அந்த வருஷம் அப்படி. பெத்த பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, ஒருத்தர்கூட அங்க எட்டிப் பார்த்ததில்ல, அவங்களை எல்லாம் யாரும் விசாரிக்கல. உங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கா? இல்ல, கோபமா கேட்கல. சும்மா கேட்டேன்.

அந்தம்மாவுக்கு சர்க்கரை டெஸ்ட் எடுத்திருப்பாங்களான்னு அன்னைக்கு நினைச்சேன். சத்தியமா அதைத்தான் நினைச்சேன்.

ஆனி மாசம் ஒரு பொம்பளை வீட்டுக்கு வந்தா. பேச்சித்தாய்னு பேரு. அந்த இல்லத்துல ஆயா வேலை பார்த்தவ, பிடிக்காம நின்னுட்டா. நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலியிலதான் உக்காரச் சொன்னேன். உக்காரல. நின்னுக்கிட்டே சொன்னா. 'சார், அங்க நாலு மணிக்கு மேல யாருக்கும் தண்ணி கிடையாது. ராத்திரிக்கு ஆள் போடல. தண்ணி குடிச்சா படுக்கையை நனைச்சிருவாக, யாரு மாத்துறதுன்னு சொல்லி மெஷினைப் பூட்டிருவாரு. காலையில ஏழு மணிக்குத்தான் திறப்பாரு. மாத்திரை போடக்கூட பாட்டில் மூடியிலதான் ஊத்தித் தருவோம். சித்திரை வெயில்லயும் அப்படித்தான் சார்.'

நாலு மணி. நான் போனது நாலரை. புரியுதா மேடம்? அத்தனை வருஷத்துல ஒரே ஒரு நாள் நேரந்தப்பிப் போனேன், அந்த ஒரு நாள் எல்லாத்தையும் கொண்டுவந்து என் கையில குடுத்திருக்கு. பூட்டைப் பார்த்தேன். சாவியைப் பார்த்தேன். கழுத்துல வழிஞ்ச தண்ணியை வழிச்சுக் குடிச்சதைப் பார்த்தேன். பார்த்துட்டு சர்க்கரைன்னு எழுதியிருக்கேன். அறுபத்திமூணு கட்டத்துல தாகம்னு ஒரு கட்டம் இல்ல. இருந்திருந்தா கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

பேச்சித்தாய் இன்னொண்ணும் சொன்னா. 'வியாழக்கிழமை தவறாம அந்தம்மா தலை சீவி, நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு, கேட்டுக்குப் பக்கத்துல சிமெண்ட் பெஞ்சுல போய் உக்காந்துரும் சார். ஆபீசர் வாராரு, அவர்ட்ட சொல்லிட்டா சரியாயிரும்னு எல்லார்ட்டயும் சொல்லும். பொழுது சாயவும் நான்தான் உள்ள கூட்டிட்டுப் போவேன். இந்த வியாழன் இல்ல பேச்சி, அவர் சொன்னது அடுத்த வியாழன் போலன்னு அதுவே சொல்லிக்கிடும். ஒன்பது வியாழன் சார்.' என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். திட்டல. 'உங்களுக்கு வேலை இருந்திருக்கும்'னு சொன்னா.

ஒன்பது வியாழன்.

அந்தப் பக்கமே போகலைன்னு சொன்னேன்ல. எழுதியிருந்தா அதை அடிச்சிருங்க. பொய். பங்குனியில ஒரு வியாழக்கிழமை அந்த ரோட்டு வழியாத்தான் போனேன். ஆபீஸ் சூப்பரண்டு வீட்டுக் கிரகப்பிரவேசம், கல்குவாரியைத் தாண்டி ஒரு புது நகர்ல. காலையில பத்து மணி. பெஞ்சுல நீலச் சேலை கட்டி ஒரு ஆள் உக்காந்திருந்தாங்க. ஜீப்பைப் பார்த்ததும் எந்திரிச்சுக் கையைத் தூக்கினாங்க, பஸ்ஸை நிறுத்துற மாதிரி. முத்தையா பிரேக்குல காலை வச்சுட்டான். 'சார், அந்தம்மா'ன்னான். அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. 'முகூர்த்தம் பத்தரைக்குள்ளப்பா, நிப்பாட்டாத. திரும்பி வர்றப்ப பார்த்துக்கிடலாம்'னு சொன்னேன். திரும்பறப்ப வேற ரோடு வழியா வந்தோம். நான்தான் அப்படிப் போகச் சொன்னேன். அன்னைக்கு நிறுத்தியிருந்தா அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். முகூர்த்தமும் தப்பியிருக்காது.

முகம் சரியாத் தெரியல. ஆனா ஜீப் கண்ணாடியில பார்த்தேன். தூக்கின கையை அவங்க இறக்கவே இல்ல. ஜீப் முன்னால போய்த் திரும்பி வரும்னு நினைச்சிருப்பாங்க.

எனக்கு வெட்கமா இருக்கும்மா. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. வியாழக்கிழமை ஆனா கோவிலுக்கு வாங்கன்னு ஆவுடை கூப்பிடுவா, முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு வீட்டுலயே இருப்பேன். மூணு வருஷமா இதே பொய். கேட்டுல சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் பார்ப்பேன். யாரை எதிர்பார்க்கிறேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு நீங்க நின்னீங்க.

பேச்சித்தாய்கிட்ட என்ன சொன்னேன்னுதானே கேட்கிறீங்க? கேட்பீங்கன்னு தெரியும். 'பார்க்கலாம்மா'ன்னு சொன்னேன். அவ போனதும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வச்சு உக்காந்தேன். 'பொருள்'னு எழுதி அழகா அடிக்கோடு போட்டேன். அதுக்கு மேல போகல. ரிட்டயர் ஆக நாற்பது நாள் இருந்துச்சு. நான் எழுதினதைப் பொய்னு நானே எழுதணும். வழியனுப்பு விழாவுக்கு மண்டபம் சொல்லியாச்சு, சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. தாளை மடிச்சு பீரோவுல வச்சேன். விழாவுல என்னைப் பத்தி ரொம்பப் பேசினாங்க. 'குறை சொல்ல முடியாத அதிகாரி'ன்னு மேலதிகாரி சொன்னாரு. ஜோதிராஜும் வந்திருந்தான், சால்வை போட்டான். நான் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு கோடை போயிருச்சு. போன மாசம் காய்கறிக் கடையில பேச்சித்தாயைப் பார்த்தேன். அவ தங்கச்சி இப்பவும் அங்க வேலை பார்க்கிறா. பூட்டு அப்படியேதான் இருக்காம். நான் கேட்டுட்டு, கத்தரிக்காய் பொறுக்கிட்டு வந்தேன். அந்த ரெண்டு கோடையில அங்க எத்தனை பேர் போயிருக்காங்கன்னு உங்க ஃபைல்ல இருக்கும். சொல்லாதீங்க.

இல்ல, சொல்லுங்க.

ஏழா.

ஏழு பேர்.

அந்த ஏழு பேரும் எனக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம் போனவங்க. தங்கபுஷ்பத்தம்மா விஷயத்துலயாவது தெரியாதுன்னு சொல்லிக்கிடலாம்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? ஃபாரத்தை வச்சுட்டுப் போறீங்களா? ஆமா, அதுதான் சரி. நிதானமா யோசிச்சுப் போட்டு வைக்கிறேன். ஆவுடைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்டயும் கேட்டுக்கிடறேன். இவ்வளவு நாள் ஆச்சு, இனி நாலு நாள்ல என்ன ஆகிடப் போகுது. உங்களுக்கு நல்ல மனசும்மா. அந்தச் செருப்பு உங்களுதுதானே?

என்ன சொன்னீங்க? போயிட்டு வாரேன்னா?

என்னைக்கு?

சிரிக்கிறீங்க. நானும் இப்படித்தாம்மா சிரிச்சேன்.

போகாதீங்க. உள்ள வாங்க, உக்காருங்க. இப்ப அங்க எத்தனை பேர் இருக்காங்க? முப்பத்தொண்ணா. மணி என்ன? மூணே முக்கால். இன்னும் கால் மணி நேரத்துல அரைஞாண் கயித்துல இருந்து சாவியை எடுத்துருவான். அந்தப் பேனாவைக் குடுங்க. தாளைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, கண்ணாடி இல்ல, எழுத்து கோணினா என் கையெழுத்தே இல்லைன்னு நாளைக்குச் சொல்லிரப் போறாங்க. எங்க, இந்தக் கட்டமா? உண்டு. டிக் தெளிவாத் தெரியுதா? கீழ என் கையாலயே எழுதறேன். 'குடிநீர் வசதி உண்டு என்று நான் எழுதியது பொய். நாலு மணிக்கு மேல் இல்லை. இது எனக்கு மூன்று வருடமாகத் தெரியும்.' பேரு, தேதி. கிழமை எழுத வேண்டியதில்ல. இருந்தாலும் எழுதறேன்.

இதை வச்சுக்கிட்டு இன்னைக்கே போகலாம்ல? இப்பவே போங்க. ஃபோன் பண்ணாதீங்க. தெரு முக்குல இடது பக்கம் திரும்பினா பைபாஸ். நாலரைக்குப் போய்ச் சேர்ந்துருவீங்க, சரியான நேரம். வழியில தண்ணி கேன் வாங்கிப் போட்டுக்கோங்க, உங்க பாட்டில் ஒண்ணு பத்தாது. இருங்க, சட்டையை மாட்டிட்டு நானும் வாரேன்.

வரக் கூடாதா? சம்பந்தப்பட்டவன் கூட வரக் கூடாதுன்னு ரூல்ஸா.

சரி. நல்ல ரூல்ஸ்தான்.

அப்ப நான் இங்கயே உக்காந்திருக்கேன். ஆவுடை வரட்டும், அவகிட்டச் சொல்லணும். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. பொம்பளைங்க வார்டுல ஏழாவது கட்டில்ல இப்ப யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும், ஜோதிராஜை வெளிய நிறுத்திட்டு அவங்ககிட்டப் பேசுங்க. கிளம்பறப்ப வாரேன்னு சொன்னீங்கன்னா, தேதியோட சொல்லுங்கம்மா. அவங்க லைன்லயே இருப்பாங்க.